காரணம் என்ற கட்டம்

அம்மா காலைச் சட்னிக்கு வேர்க்கடலை வறுத்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள். அந்த வாசனை என் அறைக்குள்ளும் வந்து நிற்கிறது. போர்வைக்குள் மடிக்கணினி வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். உன்னோடு பேச ஆசைப்பட்டு அல்ல. உன் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

பள்ளியில் உன் படத்துக்கு முன்னால் எல்லாரும் ஊதுபத்தி ஏற்றினார்கள். உன்னைப் போல ஒரு தோழி கிடைக்கமாட்டாள் என்று லின் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

கணினி வகுப்பில் உனக்கும் எனக்கும் லினுக்கும் சேர்த்து ஒரே திட்டப்பணி: பள்ளி உணவகத்துக்கு ஒரு தரவுத்தளம். எந்தப் பிள்ளைக்கு எது ஆகாது என்ற பட்டியல் தினமும் அதிலிருந்து சமையலறைக்குப் போக வேண்டும். நான் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 'உணவு' என்று ஒரே ஒரு கட்டம் போட்டுக்கொண்டு வந்தேன். நீ சிரித்தாய்.

"ஒரு புள்ளைக்கு ரெண்டு ஆகாதுன்னா எங்கடி எழுதுவ? உன் நெத்தியிலயா?"

இந்த நாட்டுக்காரியான, தமிழ் புரியாத லினும் சேர்ந்து சிரித்தாள்.

அதை நீ தனி அட்டவணையாகப் பிரித்தாய். ஒரு பிள்ளைக்கு எத்தனை விலக்கோ அத்தனை வரிசை. யார் எதை மாற்றினாலும் பெயரோடு பதிவாகும். காரணம் என்ற கட்டத்தை நிரப்பாமல் சேமிக்க முடியாது. அந்தப் பதிவை ஒருவராலும் அழிக்க முடியாது. எல்லாம் சரிதான். ஆனால் லினுக்கு நீக்கும் உரிமை கொடுத்தாய், எனக்குச் சேர்க்கும் உரிமை மட்டும்.

"நீ அவசரக்காரி. உங்கிட்ட குடுத்தா பாதிப் பள்ளிக்கூடத்தையே காணாமப் பண்ணிடுவ."

அன்று நீ கரும்புச்சாறு வாங்க வாசலுக்குப் போனாய். உன் கணக்கு திறந்தே கிடந்தது. மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பிள்ளையின் பெயர் இரண்டு முறை இருந்தது. ஒன்றில் சைவம், மற்றதில் வேர்க்கடலை. சைவம் என்று இருந்தால் போதாதா, நம் வீட்டுப் பிள்ளைக்குக் கடலை கூடவா ஆகாது என்று நினைத்து இரண்டாவதை நீக்கினேன். காரணம்: 'இரட்டைப் பதிவு'. நீ திரும்பி வந்தபோது நான் அதைச் சொல்லாமல் சாற்றை வாங்கிக் குடித்தேன். உனக்குத் தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டதில் அவ்வளவு சந்தோஷம்.

அந்த வாரமே உனக்கு டெங்கு. பத்தாம் நாள் நீ இல்லை.

இந்தத் திங்கட்கிழமை அந்தப் பிள்ளைக்குச் சைவத் தட்டு கொடுத்தார்கள். இந்த ஊர்ச் சைவச் சாப்பாட்டில் இடித்த கடலையைத் தூவாமல் எது வருகிறது? உதடு வீங்கி மூச்சுத் திணறியவளை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிழைத்துக்கொண்டாள். நம் பட்டியலை நிறுத்திவிட்டு, சமையலறையில் மறுபடியும் தாளுக்கு மாறிவிட்டார்கள்.

ஆசிரியை பதிவைத் திறந்தார். உன் பெயர்.

"பாவம், அப்போதே காய்ச்சல் இருந்திருக்கும். இனி அவளிடம் என்ன கேட்பது?" என்றார்.

"அவள் இப்படிச் செய்யமாட்டாளே, டீச்சர்" என்று சொல்லிவிட்டு லின் என்னைப் பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

நாளைக் காலை உன் பொருட்களை எடுத்துப் போக, உங்கள் வீடு இருக்கும் கான் ஹொய்யிலிருந்து உன் அம்மா ஸ்கூட்டரில் வருவார். அவரிடம் இதையும் சொல்லப் போகிறார்கள், பதிவைத் திறந்து காட்டி. உங்கள் மகளால் ஒரு பிள்ளை சாகப் பார்த்தது என்று. நான் பேசாமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். பேசினால் என்னைப் பள்ளியை விட்டே அனுப்பலாம். அப்பாவின் முகத்தை நினைத்தாலே கணினியை மூடிவிடத் தோன்றுகிறது.

இங்கே எழுதுவதை நிறுத்திவிட்டு என் பெயரில் தரவுத்தளத்துக்குள் போனேன். எனக்குச் சேர்க்கத்தானே உரிமை? வேர்க்கடலை வரிசையைத் திரும்பச் சேர்த்தேன். காரணம் என்ற கட்டம் காலியாக நின்றது. 'விடுபட்டது' என்று எழுதி அழித்தேன். 'தவறுதலாக' என்று எழுதி அதையும் அழித்தேன். கடைசியில் எழுதினேன்: 'முன்பு இதை நீக்கியது நான். அவள் கணக்கு திறந்திருந்தது. அவளுக்குத் தெரியாது.'

சேமித்துவிட்டேன். நாளை அவர்கள் திறக்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே அந்த வரிதான் தெரியும். இனி நானே கெஞ்சினாலும் அது போகாது. நீ அப்படித்தான் கட்டி வைத்திருக்கிறாய், ராட்சசி.