பச்சைத் துணி இன்னும் வெட்டவில்லை

தாராவி,
வெள்ளிக்கிழமை.

அம்பர்நாத்தில் பெரியும்மா வீட்டில் இருக்கும் என் மகள் பரீஹாவுக்கு, வாப்பாவின் ஸலாம்.

இங்கே நானும் உம்மாவும் சுகம். போன் போட்டால் நீ கட் பண்ணிவிடுகிறாய். அதனால் எழுதி, சரக்கு எடுக்க வந்த பெரியும்மா மகன் ரோஷனிடம் கொடுத்தனுப்புகிறேன். உனக்குத் தமிழ் வாசிக்க நேரமாகும் என்று தெரியும். யாரிடமும் கொடுக்காமல் நீயே எழுத்துக் கூட்டி வாசி.

குழாயில் தண்ணீர் காலையில் அரை மணி நேரம்தான் வருகிறது. அந்த எரிச்சலை உம்மா என்மேல் காட்டுகிறாள். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. தையல் பட்டறையில் மெஷின் நிற்பதில்லை.

நேற்று பெரியும்மா பேசினார்கள். நீ ஒரு சப்பாத்தியைப் பிய்த்துப் பாதியைத் தட்டிலேயே வைத்துவிடுகிறாயாம். இந்த வெயிலிலும் ரோஷனுடைய முழுக்கை ஜாக்கெட்டைக் கழற்றுவதில்லையாம். புதன்கிழமை குளியலறையில் மயங்கி விழுந்தாயாம். அதை உம்மாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. பெருநாளுக்கும் வீட்டுக்கு வரமாட்டேன் என்றாயாம்.

காரணம் எனக்குத் தெரியும். பத்து நாளாகத் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

அளவெடுப்பவர் சத்தமாகச் சொல்ல, வெட்டுகிறவர் திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்வது நம் பட்டறைப் பழக்கம். மெஷின் இரைச்சலில் வேறு வழியில்லை. அன்று பெருநாள் உடுப்புக்கு உன் இடுப்பளவை நான் ஒரு தடவை கத்தினேன், கட்டிங் மாஸ்டர் காலித் ஒரு தடவை கத்தினார். அதோடு விட்டிருக்கலாம். போன பெருநாளைவிட நாலு இஞ்சு கூட, இவளுக்கு ரெண்டு ஆள் துணி வேணும்டே என்றேன். மெஷினில் இருந்த ஆறு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பஸ் கரோ வாப்பா, போதும் என்று நீ சொன்னது காதில் விழுந்தது. விழாத மாதிரி டேப்பைச் சுருட்டினேன்.

உம்மா அன்றைக்கே திட்டினாள். வளருகிற பிள்ளைக்கு அளவு மாறாமல் என்ன செய்யும், அதற்குப் போய் இளிப்பா என்றாள். தைக்கக் கொடுக்க வருகிறவர்களிடம் இப்படிப் பேசுவீர்களா என்றும் கேட்டாள். பேசமாட்டேன்.

நேற்று போனை வைத்ததும், நீ நின்ற அதே இடத்தில் நின்று, என்னை அளந்து வழக்கம்போலச் சத்தமாகச் சொல்லும் என்று காலித்திடம் சொன்னேன். அந்த ஆறு பேரும் தலையைத் தூக்கினார்கள். அவர் டேப்பைச் சுற்றிவிட்டு, மூச்ச விடும் பாய், இப்படி எக்கிப் பிடிச்சா அளவு தப்பிரும்லா என்றார். வயிற்றை எக்கியது எனக்கே தெரியாது. எனக்கு ஐம்பத்திரண்டு வயது. உனக்குப் பதினைந்து. வெட்கமாக இருந்தது மகளே, என் வயிற்றை நினைத்து அல்ல.

இப்போது அளவைக் கத்துவதில்லை, தாளில் எழுதிக் காட்டுகிறோம். நேரம் பிடிக்கிறது. பிடிக்கட்டும்.

நான் சொன்னதை நீ உனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்காதே. தப்பு என்னுடையது. உன் உடம்பு என்ன செய்தது?

உன் பச்சைத் துணி அலமாரியில் அப்படியே இருக்கிறது. உனக்கு வசதியான பழைய உடுப்பு ஒன்றைக் கொடு, அதை வைத்துத் தைக்கிறேன். எண் எனக்கு வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வருகிறேன். முதலில் டாக்டரிடம் போவோம். பிறகு நீ சரி என்றால் வீட்டுக்கு வருவோம்.

அல்லாஹ் உன்னைச் சுகமாக வைக்கட்டும். வாசித்து முடித்ததும் அந்த ஜாக்கெட்டைக் கழற்றிவிட்டு, மூச்சை விட்டு உட்கார்ந்து, ஒரு முழுச் சப்பாத்தி சாப்பிடு.

உன் வாப்பா,
நாகூர் கனி