நாற்றம் போன தொட்டி

ஆம்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்புத் தங்கை ஜீவாவுக்கு அக்கா மேகலா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். பெர்லினில் குளிர் கம்மியாகிவிட்டதா? போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீ நாலு பேசிவிடுகிறாய். தாளில் எழுதினால் குறுக்கே பேச முடியாது. அதனால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். விமானம் ஏறுமுன் படித்துவிடு.

போன வாரம் காட்பாடியில், பல்கலைக்கழக அரங்கில், நவீன நடனம் ஒன்று பார்த்தேன். எங்கள் கல்லூரியில் கணக்கு நடத்தும் ஜஹீதாவும் வந்தாள். இத்தனை வருடம் உன் கலையைப் புரியாமலே பெருமையடித்து வந்தவள் நான். இந்தமுறை புரிந்தே ரசித்தேன். ஒரு பெண் வெகுநேரம் தரையில் கிடந்தாள். இன்னாடி இது, பாட்டு எப்ப போடுவாங்க என்று ஜஹீதா என் காதைக் கடித்தாள். இதுதான் பாட்டு என்றேன். உனக்கு உன் தங்கச்சி வியாதி ஒட்டிக்கிச்சு என்றாள்.

வெள்ளிக்கிழமை தவறாமல் புதுப்படம் பார்க்கிறவள் நான், உனக்கே தெரியும். படத்தில் கதாநாயகன் இடைவேளைக்கு முன்னால் விழுந்தால் பழிவாங்க எழுந்துவிடுவான். பின்னால் விழுந்தால் யார் மடியிலாவது படுத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டுத்தான் சாவான். நம் தம்பி வேலு விழுந்த பிறகு ஒன்றும் சொல்லவில்லை. விழுந்தவர் வெறுமனே விழுந்து கிடப்பதை அன்று அந்த மேடையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். இதை உன்னிடம் நேரில் சொல்ல வெட்கமாக இருக்கும்.

கடைசியில் ஒரு பையன் சுழன்று விழுந்தான். எழவில்லை. அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. முதலில் தட்டியது நான்தான் என்று நினைக்கிறேன். விளக்கு போட்ட பிறகுதான் தெரிந்தது, அவன் காலையிலிருந்து சாப்பிடாமல் ஆடி மயங்கியிருக்கிறான். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். அய்யோ, அந்த இடம்தான்டி எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது என்றாள் ஜஹீதா.

இனி உன் ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. வேலு செத்த கழிவுத் தொட்டிக்குள்ளேயே ஆட வேண்டும் என்று நீ கேட்டதும் தோல் தொழிற்சாலை முதலாளி ஒப்புக்கொண்டார். அது கலைக்குக் கிடைத்த வெற்றி என்று நீ எழுதியிருந்தாய். அவன் செத்த அன்று அம்மாவுக்குத் திறக்காத தொழிற்சாலை கேட் அது. இப்போது அதற்குத் தோரணம் கட்டுகிறார்கள். துயரத்தையும் கலையாக்கும் தொழிற்சாலை என்று பேனர் வைத்திருக்கிறார்கள். அதில் உன் படம் கொஞ்சம் சிறிது, ஷூவின் படம் கொஞ்சம் பெரிது. தோல் வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். தொட்டியின் விளிம்பில் அவர்களுக்கு சோபா.

நேற்று போய்ப் பார்த்தேன். மேனேஜர் இன்பராஜ் சுற்றிக் காட்டினார். வேலு போனதிலிருந்து சும்மா கெடக்குதும்மா, நாத்தம்கூட இல்ல, பாப்பா தாராளமா ஆடட்டும் என்றார். இதை மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தள்ளி நின்று சொன்னார். மேலே சேறு காய்ந்து அப்பளம் போல வெடித்திருக்கிறது. குச்சியால் குத்தினேன், நுனி ஈரமாக வந்தது. அங்கே பெருக்குகிற ரங்கம்மாள், போன மாசம் ஒரு நாய் எறங்குச்சு, அப்புறம் வரவே இல்ல என்றாள். நாய்க்கு வயசாயிடுச்சு என்றார் இன்பராஜ்.

நீ கேட்டபடியே பலகை போடவில்லை. வெறுங்காலோடு சேற்றை மிதித்து ஆடப் போகிறாய். நான் வேதியியல் நடத்திப் பிழைக்கிறவள், அதனால் கேள். வேலுவைக் கொன்ற வாயு சேற்றுக்குள் தூங்கும், மிதித்தால் எழும். கொஞ்சமாக வந்தால் அழுகிய முட்டை நாறும். ஜாஸ்தியாக வந்தால் முதலில் மூக்கைக் கொன்றுவிடும், நாற்றம் நின்றுபோகும். பிறந்தது முதல் இந்த நாற்றத்தைத் திட்டியே வளர்ந்தவர்கள் நாம். அது நின்றால் நல்லகாலம் வந்துவிட்டது என்று நினைப்போம். உனக்கு இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். வேலு ஏணியின் பாதியில் நின்று, நாத்தம் போய்ட்டுது, வாங்கடா என்று மேலே இருந்தவர்களைக் கூப்பிட்டிருக்கிறான். அவன் விழுந்ததும் தூக்க இறங்கிய இரண்டு பேரும் அந்தச் சொல்லை நம்பித்தான் இறங்கினார்கள்.

வாயு அளக்கும் மீட்டர் வைக்கச் சொன்னேன். இருக்குதும்மா, ஆடிட் வர்றப்ப எடுப்போம் என்றார் இன்பராஜ். நல்ல காரியத்தில் ஏன் அபசகுனமாகப் பேசுகிறேன் என்று வருத்தப்பட்டார். தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அரசு அதிகாரியிடம் சொல்லலாம் என்று அவர் அலுவலகம் போனேன். அவர்தான் விழாவுக்குத் தலைமை விருந்தினராம். கட்டாயம் வந்துவிடுகிறேன் என்று என்னிடமே உறுதி சொன்னார்.

ஆக, இதை நிறுத்தக்கூடிய ஆள் நீ ஒருத்திதான். நீ அங்கே விழுந்தால் சோபாக்காரர்கள் எழுந்து கைதட்டுவார்கள். நான் இறங்குவேன். படித்தவள், தெரிந்தவள், ஆனாலும் இறங்குவேன் என்று எனக்குத் தெரியும். என்னை இரண்டாவது ஆட்டக்காரி என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டுவார்கள். நீ எங்கே ஆடுகிறாய் என்று அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. எந்தப் புடவை கட்டட்டும் என்று தினமும் கேட்கிறாள்.

கேட்டுக்கு வெளியே ரோட்டில் ஆடு. லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும். வேலுவின் பெயரைச் சொல்லியே ஆடு, நான் முன்னால் நின்று பார்க்கிறேன். சோபாக்காரர்கள் விருப்பமிருந்தால் வெயிலுக்கு வரட்டும். வருகிறேன், ஆனால் இறங்கமாட்டேன் என்று ஒரு வரி எழுது. அதைப் பார்க்கும்வரை போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

உனக்குக் கிழவியாகும்வரை ஆயுசு இருக்கட்டும். முழங்கால் தேய்ந்து, மேடையேற முடியாமல் வீட்டில் உட்கார்ந்து, என் ஆட்டத்தைக் கெடுத்தவளே நீதான் என்று நாள் முழுக்க என்னைத் திட்டிக்கொண்டிரு. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அக்கா,
மேகலா