அளவுக்கு அனுப்பிய ரவிக்கை

12-8-1938

தையல்காரர் அளவெடுப்பதா என்று கூச்சப்பட்டு, உள்ளே போடும் பாடி தைக்க என் கல்யாண ரவிக்கையை அளவுக்கு அனுப்பியிருந்தேன். வந்ததில் மூச்சுவிட முடியவில்லை. பித்தானும் முதுகில், பாப்பாவுக்கு எப்படிப் பால் கொடுப்பது? வகுப்பில் பால் கசிந்து, முந்தானையை இழுத்து மூடியபடியே பாடம் நடத்தினேன். என் உடம்பைத்தான் திட்டிக்கொண்டேன்.

பாடியைத் திருப்பி அனுப்பியிருந்தேன். இன்று தையல்காரர் மனைவி செல்லம்மாக்கா வீட்டுக்கே வந்து நூலால் அளந்தார்.

"புள்ள பெத்த உடம்புக்குக் கல்யாண அளவு எப்படி டீச்சர் பத்தும்? வீட்டுல போட முன்பித்தான் வச்சுத் தாரேன். பள்ளிக்கூடத்துக்கு ரெட்டைத் துணி குடுத்துருவோம், கசியாது."

நூலில் முடிச்சிட்டு மடியில் செருகிக்கொண்டார்.

"இத அவுககிட்டக் காட்டமாட்டேன். நானே தைக்கிறேன்."

மகராசி! என் கூச்சத்தை நான் சொல்லவேயில்லை.