ஒருனா, ஒருமா?

மார்ச் 4
பஸ்ஸில் மறுபடியும் அந்தப் பாட்டு. "ஏணி ஏறி ஏறி ஒருன் ஆனேன், என்னைத் தொட யாரும் வரவில்லை." ஒருன், அதாவது பெரியவள் ஆகிவிட்டேன், தொட ஆளில்லை. சரியாகத்தான் பாடுகிறான். ஜன்னலுக்கு வெளியே ஹான் ஆறு மங்கலாகக் கிடந்தது. பார்த்துக்கொண்டே இருந்ததில் என் நிறுத்தம் போய்விட்டது.

மார்ச் 5
இயக்குநர் மேங் கூப்பிட்டார். உல்சான் கிளைக்கு நான்தான் தலைவராம். வெள்ளிக்கிழமை பதில் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஆசைப்பட்ட நாற்காலி. சந்தோஷம் வரவேண்டாமா? வரவில்லை. கழுத்தில் தொங்கும் அட்டையில் சோல்பி என்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி இங்கே யார் கூப்பிட்டார்கள்? "மேனேஜர் மேடம், மேனேஜர் மேடம்" — அவ்வளவுதான் நான்.

மார்ச் 6
சாயங்காலம் தங்கை சேபோம் வந்தாள். நூடுல்ஸ் கொதிக்கும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்தேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அய்யோ அக்கா, அது ஒருன் இல்ல, ஒரும்!"

பெரியவள் இல்லையாம், பனிக்கட்டியாம். ஒரே ஒரு மெய்யெழுத்தில் ஏமாந்திருக்கிறேன்.

"சின்ன வயசுல விளையாடுவோமே! பிடிக்க வந்தா 'ஒரும்'னு கத்திட்டு அசையாம நிப்போம். யாராவது தொட்டு 'தெங்'னு சொன்னாத்தான் ஓடலாம். மறந்துட்டியா?"

நான் கரண்டியும் கையுமாக நின்றிருந்தேன். தோளில் ஒரு தட்டு தட்டினாள். "தெங்! பொங்குது பாரு, லூசு!"

அழுதுவிட்டேன். எதற்கு அழுகை? ஏதோ பயத்தில் நானே 'ஒரும்' என்று கத்திவிட்டு இத்தனை வருஷம் நின்றிருக்கிறேனே, அதற்குத்தான்.

மார்ச் 7
பஸ் ஏறவில்லை. நடந்தே வந்தேன். கால் வலிக்கிறது, பிடித்திருக்கிறது.

மார்ச் 8
சொல்லிவிட்டேன். உல்சானும் வேண்டாம், இந்த வேலையும் வேண்டாம்.

"பைத்தியமா உனக்கு? அப்புறம் என்னவா ஆகப்போறே?" என்றார் மேங்.

"தெரியல சார்."

பாட்டையும் விளையாட்டையும் பற்றி வேறு உளறித் தொலைத்தேன். கல்லு மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். மானம் போயிற்று.

மார்ச் 29
கடைசி நாள். பெட்டியோடு லிஃப்டுக்குக் காத்திருந்தேன். மேங் வந்து பக்கத்தில் நின்றார். கதவு திறந்தது. அவர் ஏறவில்லை. கோட்டும் டையுமாக, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி முணுமுணுத்தார்.

"ஒரும்."

பெட்டியைக் கீழே வைத்தேன். "தெங்" என்று அவர் தோளைத் தொட்டேன். லிஃப்ட் எங்களை விட்டுவிட்டுக் கீழே போனது.