பதினொரு நற்சாட்சிப் பத்திரங்கள்

வால்தம்ஸ்டோ
9.6.1991

இயேசு மரி சூசை

அன்புள்ள மகன் பெனடிக்ற்றுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் ஆண்டவர் புண்ணியத்தில் உயிரோடு இருக்கிறோம், என் முழங்கால் நோவும் எங்களோடுதான் இருக்கிறது. அபடீனில் நீயும் தேக சுகத்தோடு இருக்க மாதாவை மன்றாடுகிறேன். அங்கே ஆனி மாதத்திலும் குளிர் என்று கேள்வி, காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மூன்று கிழமையாக நீ போன் எடுக்கவில்லை, நான் எடுத்தால் நீ குசினியில் ஷிப்டில் நிற்கிறாய் என்று அந்த ஹோட்டல்காரன் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். கடிதம் என்றால் நீ கடைசிவரை படிப்பாய் என்று எழுதுகிறேன். கடைசியாகக் கதைத்தபோது, உனக்குப் பேசிய டொலறஸ் ஏன் உன் கடிதங்களுக்கு மறுமொழி போடவில்லை என்று கேட்டாய், எனக்குத் தெரியாது என்றேன். அது பொய்.

தை மாதம் நீ எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. "அம்மா, ஒக்டோபர் பதினெட்டோடை ஏழு வருசம் முடியுது. பிறகு சட்டப்படி அந்தக் கேஸைப் பற்றி ஒருத்தருக்கும் சொல்லத் தேவையில்லை. அதுவரைக்கும் நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் காணும்" என்று எழுதியிருந்தாய். பெற்றவளுக்கு எழுதுகிற எழுத்தா அது. கேட்காமல் எந்த அரசாங்கமும் மன்னித்ததை நான் கண்டதில்லை. அப்பாவை மன்னாரிலிருந்து தண்ணீர் இல்லாத ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றியபோது நான்தான் பன்னிரண்டு பெரியவர்களிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கி, மனுவோடு சேர்த்துக் கல்விக் கந்தோருக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் மாதம் மாற்றம் ரத்தாகியது. வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் பென்சன் எடுக்கும்வரை அங்கேதான் கிடந்திருப்பார். ஒக்டோபர்வரை ஏன் காத்திருக்க வேண்டும், முறையாகக் கேட்டால் உன் பெயரை இப்போதே அழித்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஊரில் அரசாங்கக் கச்சேரியில் தலைமைக் கிளாக்கராக இருந்த சபாரத்தினம் அண்ணை, எங்கள் தெருவில்தான் இருக்கிறார், மனுவை அழகாக இங்கிலீசில் டைப் அடித்துத் தந்தார். "குற்றம் என்னெண்டு தெரியாமல் நல்லவன் எண்டு எழுதினால் அது செல்லாது, பிலோமினம்மா. எல்லாருக்கும் விளக்கமாச் சொல்லோணும்" என்றும் சொன்னார்.

அப்படியே சொன்னேன். எண்பத்துநாலாம் ஆண்டு நீ உன் பாஸ்போட்டைச் சிநேகிதனுடைய அண்ணனுக்குக் கொடுத்ததையும், அவன் அதோடு ஹீத்ரோவில் பிடிபட்டதையும், உனக்கு ஆறு மாதத் தண்டனை தீர்த்து நாலு மாதம் நீ மறியற்சாலையில் இருந்ததையும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலருக்கு விளங்கவில்லை, இரண்டு தரம் சொன்னேன். கோயில் சுவாமி, தமிழ்ச் சங்கத் தலைவர், பல் டொக்டர், எல்லோரும் மறுக்காமல் எழுதித் தந்தார்கள். யாருக்காக நீ உள்ளே போனாயோ அந்த அண்ணன்காரன் மட்டும் தரவில்லை. இங்கே பெரிய வீடியோக் கடை வைத்திருக்கிறான், "எனக்கு அந்தக் கேஸ் ஒண்டும் தெரியாது அன்ரி" என்று சொல்லி எனக்கு ஒரு தேத்தண்ணீரும் வைத்துத் தந்தான். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

பதினோராவது ஆள் றெஜினோல்ட். டொலறசின் தகப்பனிடம் ஏன் போனாய் என்று கத்தாதே. ஊரில் சமாதான நீதவானாக இருந்தவர், பெயருக்குக் கீழே அதைப் போட்டுக் கையெழுத்து வைக்கக்கூடிய ஆள் எனக்கு வேறு யாரையும் தெரியாது. சம்பந்தம் பேசிய வீட்டில் மறைப்பதும் பாவம்தானே. பங்குனியில் ஒரு சனிக்கிழமை ஹவுன்ஸ்லோவுக்குப் போனேன். அவர் முழுவதையும் கேட்டார், கண்ணாடியைத் துடைத்தார், மேசையில் இருந்து ஒரு பக்கம் நிறைய எழுதினார். நேர்மையானவன், இரக்கமுள்ளவன், பிறருக்காகத் தன்னை வருத்திக்கொண்டவன் என்றெல்லாம் எழுதியிருக்கிறார், பதினொன்றிலும் திறமான கடிதம் அதுதான். கையில் தந்துவிட்டுத்தான் சொன்னார், "இது அரசாங்கத்துக்கு, பிலோமினம்மா. என்ரை பிள்ளையை நான் தர ஏலாது" என்று. டொலறஸ் மாடிப்படியில் நின்று "அப்பா, எனக்கு முதலே தெரியும், அவர் எல்லாம் சொன்னவர்" என்று அழுதாள். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டு மறைத்தாளே என்று அவருக்கு இன்னும் கோபம் ஏறியது, அன்றிலிருந்து உன் கடிதங்களை அவர்தான் வாங்கி வைக்கிறார். அவளை மோர்டனில் ஒரு எக்கவுண்டன்ற் மாப்பிள்ளைக்குப் பேசி முடித்து, ஓகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை கலியாணம். எங்களுக்கும் அழைப்புக் காட் வந்திருக்கிறது. போகத்தான் வேண்டும், போகாவிட்டால் சனம் கதைக்கும். நீ அந்த நேரம் லீவு எடுத்துக்கொண்டு இங்கே வந்து நிற்காதே.

போன வெள்ளி மனுவைக் கொடுக்க லோயரிடம் போனோம். வெள்ளைக்காரப் பிள்ளை, அவள் சொல்லச் சொல்ல அப்பா எனக்குத் தமிழில் சொன்னார். அவள் கடிதக் கட்டை அவிழ்க்கவே இல்லை. "இப்பிடி ஒரு மனு இந்தச் சட்டத்திலை இல்லையாம். முப்பது மாதத்துக்கு மேலை மறியல் எண்டால் எந்தக் காலமும் சொல்லத்தான் வேணுமாம். ஆறு மாதம் எண்டால் ஏழு வருசத்திலை தானாப் போயிடுமாம். ஒரு நாள் குறைக்கச் சொல்லியும் கேக்க ஏலாதாம்" என்றார் அப்பா. பொலிஸ் தாளை எரிப்பார்களா என்று கேட்டேன், தாள் கிடக்குமாம், நீதான் சொல்லத் தேவையில்லையாம். அப்படியென்றால் இப்போது தெரிந்தவர்களுடைய வாயைச் சட்டம் மூடாதா என்று கேட்கச் சொன்னேன். அப்பா அதைக் கேட்கவில்லை. எழும்பித் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அன்றிலிருந்து என்னோடு கதையில்லை, தன் தேத்தண்ணீரைத் தானே போட்டுக் குடிக்கிறார்.

நான் பிழை செய்தேன் என்று எழுதுவேன் என்று பார்க்காதே. பாஸ்போட்டைக் கொடுத்தது நீ. வாயை மூடிக்கொண்டு இருக்கிற தாய்க்கு நீ பிறக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய. டொலறசும் பெரிய அழகி இல்லை. இரவில் பழைய சோற்றைச் சாப்பிடாதே, உனக்கு வயிறு ஒத்துக்கொள்ளாது.

ஒக்டோபர் பதினெட்டும் வெள்ளிக்கிழமைதான் வருகிறது, அன்று உன் பெயருக்கு ஒரு பூசை ஒப்புக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் அப்படி ஒன்றும் இல்லை என்று நீ சொல்லலாம், சட்டம் உன் பக்கம். ஆனால் லண்டனில் உன்னை ஒருவரும் கேட்கப்போவதில்லை, எல்லோருக்கும் நான் சொல்லிவிட்டேன்.

மடுமாதா உன்னைக் கைவிடாமல் காப்பாற்றட்டும். பதினொரு கடிதங்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன், மடிக்காமல் வைத்துக்கொள். எழுதித் தந்த எல்லோருக்கும் உன் கையால் நன்றி எழுதிப் போட மறக்காதே. றெஜினோல்ட் மாமாவுக்கு முதலில் எழுது.

உன்னைப் பெற்ற அம்மா,
பிலோமினா