கையோடு வந்த தண்டை

உம்மாவுக்கு, ஸலாம்.

நான் இளைத்துப்போனதை ரகியா மாமி உங்கள் காதில் ஓதிவிட்டாள் போலிருக்கிறது. ஆமாம், இளைத்துத்தான் இருக்கிறேன். இங்கே நுவாக்சூத் பட்டணத்தில் பெண்கள் சாயங்காலம் மைதானத்தைச் சுற்றி நடக்கிறோம். முதல் நாள் அரைச் சுற்றிலேயே எனக்கு மூச்சு முட்டியது. இப்போது ஆறு சுற்று. மாமி அங்கேதான் பார்த்தாள். "ஏண்டி, உன் புருஷன் சோறு போடலையா?" என்று எல்லோரும் கேட்கக் கத்தினாள். "அவர் போடுறாரு மாமி, நான்தான் போதும்ங்கறேன்" என்றேன்.

வாரம் ஒரு தடவைதான் எடை பார்க்கிறேன். மூச்சு, தூக்கம், சர்க்கரை அளவு எல்லாம் நோட்டில் எழுதச் சொன்னாள் ஆஸ்பத்திரி நர்ஸ். மூன்று வாரம் முள் நகரவேயில்லை. "அதனால என்ன, மூச்சு வாங்காம மாடி ஏறுறீங்கல்ல?" என்றாள்.

ஏழு வயதில் எனக்குக் கிண்ணம் கிண்ணமாக ஒட்டகப் பால் புகட்டினீர்கள். குடிக்க மறுத்தால் கால்விரல்களைக் கம்புகளுக்கு நடுவே வைத்து நெரித்தீர்கள். குண்டாக இருந்தால்தான் அழகு, நல்ல இடம் வரும் என்று செய்தீர்கள், தெரியும். உங்கள் மேல் கோபமில்லை என்று எழுத நினைத்தேன். பொய் எழுத வரவில்லை.

என் மகள் மைமூனாவுக்கும் ஏழு வயதாகிறது, மழை விழுந்து ஒட்டகங்கள் நிறையக் கறந்ததும் பால் குடிக்க அங்கே அனுப்பு என்கிறீர்கள். அனுப்ப மாட்டேன்.

கல்யாணத்துக்கு நீங்கள் பூட்டிய வெள்ளித் தண்டை, சதையில் புதைந்து, பதினான்கு வருஷமாகக் கழற்றவே முடியாமல் இருந்தது. போன வாரம் தொழுமுன் ஒளுவுக்குக் கால் கழுவும்போது கையோடு வந்துவிட்டது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பேத்திக்கென்று எடுத்து வைக்காதீர்கள். அவள் ஓடுகிற பிள்ளை.

உங்கள் மூத்த மகள்