அன்றைக்கு நாங்கள் ஓடியதை ஏன் எழுதினீர்கள், அக்கா?

என் செல்ல வார்டு அக்காவுக்கு,

கலைவாணி அக்கா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். விரல் தானாக 'வார்டு அக்கா' என்று தட்டிவிட்டது. உங்கள் யூடியூப் சேனலின் பெயரே உங்கள் பெயராகிப் போய் எவ்வளவு காலம் ஆகிறது! இதை நம் வாட்ஸ்அப் குரூப்பிலேயே போடுகிறேன். நீங்கள் படிக்கப் போவதில்லை. உங்களைப் பார்த்துப் படித்த அத்தனை பேரும் படிக்கட்டும்.

குரூப் முழுக்க மெழுகுவர்த்தி ஸ்டிக்கர்தான் அக்கா. உங்கள் வீடியோக்களை வெட்டி ஒட்டி, அடியில் சோக மியூசிக் போட்டு ஆளாளுக்கு ரீல்ஸ் விடுகிறார்கள். "ஜான்சி, நீதானே நம்பர் ஒன் ஃபேன், நீ பேசி ஒரு வீடியோ அனுப்பு" என்று தினமும் கேட்கிறார்கள். நான் அனுப்பவில்லை. "ஆளு போனதும் மறந்துட்டியா, நன்றி கெட்டவளே" என்று ஒருத்தி வாய்ஸ் நோட்டே போட்டுவிட்டாள். மறக்க முடிந்தால் தேவலையே. எனக்கு உங்கள் மேல் கோபம். இருக்கிறவர்கள் மேல் கோபம் வந்தால் பிளாக் பண்ணலாம், நேரில் போய்ச் சண்டை போடலாம். செத்துப்போனவர் மேல் வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். படித்தது டிப்ளமோ. மற்றதெல்லாம் இந்த அக்காவின் வீடியோ பார்த்து, போனைக் கையில் வைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் நின்றபடியே கற்றுக்கொண்டது. மருந்து அளவு கணக்குப் போடுவது, டாக்டரிடம் பயப்படாமல் ரிப்போர்ட் சொல்வது, சராசரி, விலக்கம் என்று மிரட்டுகிற புள்ளியியல் வரைக்கும் எல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்ததுதான்.

நீங்கள் நர்சிங் நிர்வாகத்தில் பிஎச்.டி. சேர்ந்துவிட்டேன் என்று லைவில் சொன்ன அன்றைக்கு நான் பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வீட்ல யாருக்காச்சும் கவர்மெண்டு வேலை கெடச்சிடுச்சா?"

"எங்க அக்கா டாக்டர் ஆவப் போறாங்கண்ணா!"

"எந்த ஆஸ்பத்திரில?"

"அந்த டாக்டர் இல்லண்ணா. நர்சுங்க வேலையப் பத்தியே ஆராய்ச்சி பண்ணி வாங்குறது."

"நர்சுங்களுக்கே வந்துடுச்சா? அப்ப கண்டக்டருங்களுக்கு எப்போ? கேட்டுச் சொல்லு, நானும் எழுதிப் போடுறேன்."

அதை உங்களுக்கு அனுப்பினேன். விழுந்து விழுந்து சிரிக்கிற பொம்மை வரிசையாகப் பதிலுக்கு வந்தது. அந்த லைவில் நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "டியூட்டி போடுறவங்க ஒரு நாளும் வார்டுல நின்னதில்ல தங்கங்களா. அதான் நம்ம காலு வீங்குது. ஒரு வார்டுக்கு எத்தினி நர்சு வேணும்னு நானே போயி நின்னு பாத்து எழுதிக் காட்டுறேன், இருங்க." நாங்கள் எல்லாரும் இருந்தோம் அக்கா. நம்பித்தான் இருந்தோம்.

ஆராய்ச்சிக்கு நீங்கள் எடுத்துக்கொண்ட வார்டுகளில் எங்கள் வார்டும் ஒன்று என்று தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் வார்டு இன்சார்ஜ் மேரி சிஸ்டரோ உடனே பீரோ சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டார். வெளி ஆள் ஒருத்தர் கையில் ஸ்டாப் வாட்ச்சோடு வந்து நிற்கிறார் என்றால் அவருக்கு அது இன்ஸ்பெக்‌ஷன்.

"யாரு அக்காவா இருந்தா எனக்கு இன்னா? வந்து பாத்து எழுதுறாங்கன்னா அது இன்ஸ்பெக்‌ஷன்தான்டி. பேஷண்டு ரெண்டாந் தபா கூப்புட்டா உங்க தோலை உரிச்சிடுவேன்."

பூட்டி வைத்திருந்த புது பெட்ஷீட் எல்லாம் வெளியே வந்தது. வீட்டுக்குப் போகிற நிலையில் இருந்தவர்களைக் காலையிலேயே டிஸ்சார்ஜ் பண்ணிப் பாதிக் கட்டிலைக் காலியாக்கினார்கள். மதிய டியூட்டியில் மூன்று பேர் இருந்தோம். நான், இன்னொரு சீனியர், அப்புறம் சுமதி.

சுமதியை உங்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்துப் பெண். திண்டிவனம் வந்து, அங்கே பஸ் மாறி விழுப்புரம் வருவாள். வார்டிலேயே கடைசியாகச் சேர்ந்தவள், வேகத்தில் முதல் ஆள். அன்றைக்கு அவள் ஓடின ஓட்டம் இருக்கிறதே!

"ஏய், மெதுவாடி! டிரிப்ஸ் ஸ்டாண்டே உன்கூட ஓட முடியாம மூச்சு வாங்குது" என்றேன்.

"அக்கா பாத்துக்கினு இருக்காங்கடி. நம்ம வார்டு மானம்" என்றாள்.

ஒருத்தரும் சாப்பிடவில்லை. ஒருத்தரும் உட்காரவில்லை. மருந்து அலமாரிப் பக்கம் நின்று நீங்கள் வாட்ச்சை அழுத்தி அழுத்தி எழுதிக்கொண்டிருந்தீர்கள்.

டியூட்டி முடிந்து புது பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நாம் மூன்று பேரும் நின்றோம். சுமதி வேர்க்கடலை வண்டியில் சுடச்சுட வேகவைத்த மல்லாட்டை வாங்கி உங்கள் கையில் கொட்டினாள்.

"எங்க வார்டு எப்பிடிக்கா? சூப்பரா?"

"சூப்பர்தான். மொத்தமும் பொய்யி" என்றீர்கள்.

எனக்கு டீ புரையேறிவிட்டது. நீங்கள் சிரித்தீர்கள். "நானும் வார்டுல குப்பை கொட்டுனவதான்டி. புது பெட்ஷீட்டு வாசன எனக்குத் தெரியாதா? நீங்க ஓடுனது எனக்கோசரம். இத்த அப்படியே எழுதுனேன்னா மூணு பேரு வேண்டிய எடத்துல ரெண்டு பேரே போதும்னு காட்டும். இத்த எழுத மாட்டேன். சொல்லாம கொள்ளாம இன்னொரு நாள் வர்றேன். மேரி சிஸ்டருக்கே தெரியக்கூடாது."

சுமதி கையை நீட்டினாள். "சத்தியமா?"

அவள் கைமேல் உங்கள் கையை வைத்துச் சத்தியம் பண்ணினீர்கள். மல்லாட்டைத் தோல் ஒட்டிய கை.

அதற்கப்புறம் சுமதி ஓடுவதை விட்டுவிட்டாள். நடந்தாள். பசித்தால் உட்கார்ந்து சாப்பிட்டாள். "இதான் நம்ம நெசமான வேகம். அக்கா வந்து பாக்கட்டும்" என்பாள். மேரி சிஸ்டர் திட்டினாலும் அசரமாட்டாள். நீங்கள் வரவில்லை. எப்போ வர்றீங்க என்று மெசேஜ் போட்டேன். ஒரு ஹார்ட் வந்தது.

பிறகு ஒரு நாள், பைண்டு பண்ணின தடிப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உங்கள் செல்ஃபி. 'தீசிஸ் கொடுத்தாச்சு தங்கங்களா! அடுத்து வைவாதான்!' முதல் கமெண்ட் என்னுடையதுதான். பட்டாசாக வெடித்துத் தள்ளினேன். அதற்கப்புறம்தான் உறைத்தது. அப்படியானால் எங்கள் வார்டுக்கு எப்போது வந்தீர்கள்? என் லீவு நாளிலா?

சுமதியிடம் கேட்டேன். "அக்கா மறுபடி வந்தாங்களாடி?"

"வந்தாங்களே. என் கெனாவுல."

உங்களிடமே கேட்டேன். இரண்டு நீலக் குறி விழுந்தது. பதில் இல்லை. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு டென்ஷன் போல, விடு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடுத்து உங்களைப் பற்றி வந்த செய்தி, திண்டிவனம் பைபாஸில் உங்கள் ஸ்கூட்டி மேல் லாரி இடித்துவிட்டது என்பது.

நாங்கள் வந்தோம் அக்கா. சுமதி தன் காசில் மாலை வாங்கிக்கொண்டு வந்தாள். உங்களை எடுக்கும்போது என்னைவிட அவள்தான் அதிகம் அழுதாள்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் ஆஸ்பத்திரி மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டு மீட்டிங் போட்டார். உங்கள் படத்துக்குப் பூப் போட்டிருந்தது. இரங்கல் கூட்டம் என்று நினைத்து கர்ச்சீப்போடு போனேன்.

"கலைவாணி மேடம் நம்ம ஆஸ்பத்திரிக்கு ஒரு பெரிய உபகாரம் பண்ணிட்டுப் போயிருக்காங்க" என்று, நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்த தீசிஸ் காப்பியைத் தூக்கிக் காட்டி ஆரம்பித்தார். "இந்த வார்டுல மதியம் டியூட்டிக்கு ரெண்டு ஸ்டாஃப் தாராளமா போதும்னு ஆராய்ச்சி பண்ணியே காட்டியிருக்காங்க."

கடைசியாகச் சேர்ந்தவள் உபரியாம். சுமதி எழுந்து நின்றாள். "சார், அன்னிக்கு நான்தான் சார் எல்லாரையும்விட ஜாஸ்தி ஓடுனேன்."

"அதத்தாம்மா அவங்களும் எழுதியிருக்காங்க."

டிரெஸ் மாற்றுகிற ரூமில் அவள் வெள்ளை ஷூவைக் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள். "அவங்க உனக்குத்தான்டி அக்கா. எனக்கு யாரோ. என் கைமேல கைய வெச்சாங்க இல்ல? அந்தக் கையாலதானே எழுதுனாங்க?"

என்ன பதில் சொல்லியிருப்பீர்கள், அக்கா?

திண்டிவனத்தில் உங்கள் வீட்டுக்குப் போனேன். எங்கேயோ தப்பு நடந்திருக்கும், வேறு யாரோ மாற்றி எழுதியிருப்பார்கள் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிட மாட்டாரா என்ற ஆசையில்தான் போனேன். மாமா பாவம், அவரே டீ போட்டுக் கொடுத்தார்.

"அவ மறக்கலம்மா. 'விழுப்புரத்துக்கு இன்னொரு தபா போவணும்ங்க, அந்தக் கணக்கு தப்பு'ன்னு சொல்லிக்கினேதான் இருந்தா. அவ ஆராய்ச்சிக்கு கைடா இருந்த மேடம் ஜல்தியா முடி, இல்லன்னா இன்னும் ஒரு வருஷம் இழுக்கும்னுட்டாங்க. நான்தான், எல்லாரும் இப்படித்தானே எழுதுறாங்க, முடிச்சிடும்மான்னு சொன்னேன். அவளும் சரின்னுட்டா."

அவளும் சரின்னுட்டா. டீயைக் குடிக்க முடியவில்லை அக்கா.

தெரியாமல் எழுதியிருந்தால் அன்றைக்கே மன்னித்திருப்பேன். தெரிந்து எழுதியிருக்கிறீர்கள். கொடுக்காத மருந்தைக் கொடுத்ததாகச் சார்ட்டில் எழுதுகிறவள் நர்ஸே இல்லை என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? வேலை, வீடு, படிப்பு, சேனல் என்று நீங்கள் எவ்வளவு களைத்துப் போயிருந்தீர்கள் என்று எனக்குத் தெரியும். கடைசி வீடியோக்களில் கண்ணுக்குக் கீழே கருவளையம் தெரிந்தது. அதற்காக எங்களையா, அக்கா? உங்களுக்காக ஓடின கால்களையா?

இப்போது மதியம் நாங்கள் இரண்டே பேர். ஒருத்தி நோயாளியை ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிப் போனால் மற்றவள் தனியாள். போன வாரம் ஒரு அம்மாவுக்கு டிரிப்ஸ் தீர்ந்து, டியூபில் ரத்தம் ஏறிவிட்டது. "நர்சுங்க எல்லாம் செத்துட்டீங்களாடி?" என்று அவர் மகள் கத்தினாள். டியூபைச் சரிசெய்தபடியே மன்னிப்புக் கேட்டேன். சுமதி திண்டிவனத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் டோக்கன் கொடுக்கிறாள். நான் போன் பண்ணினால் 'ம்' மட்டும் வரும்.

உங்கள் கைடு மேடத்திடமும் பேசிவிட்டேன். நடந்ததை எல்லாம் கொட்டினேன். அமைதியாகக் கேட்டார்.

"எழுதுனவங்க இப்ப உயிரோட இல்லம்மா. இனி யாரும் அதத் திருத்த முடியாது. நீ என்ன படிச்சிருக்க?"

"டிப்ளமோங்க மேடம்."

"தப்புன்னு சொன்னா பத்தாது. தப்புன்னு காட்டணும். அதுக்குப் படிச்சிட்டு வா."

போனை வைத்துவிட்டு அழுதேன். அவமானம். ஆனால் அந்த அம்மா சொன்னதில் எந்த வார்த்தை தப்பு என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட அகப்படவில்லை.

அதனால் படிக்கப் போகிறேன். முதலில் டிகிரி. அதற்கே இந்த வேலையை விட வேண்டும். அப்புறம் எம்.எஸ்சி. அதற்கப்புறம் நர்சிங் நிர்வாகத்தில் பிஎச்.டி. "உனக்கு எதுக்குடி இந்த பேஜாரு? கல்யாணத்தப் பண்ணிக்கினு போ" என்கிறார் மேரி சிஸ்டர். சுமதியிடம் சொன்னேன். ரொம்ப நாளைக்கு அப்புறம் 'ம்'முக்கு மேலே பேசினாள்.

"அதெல்லாம் நீ முடிக்கறதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சிடும்."

"நரைக்கட்டும்."

"என் பேரப் போடுவியா?"

"மொத பக்கத்துலயே."

"போட்டோ?"

"தீசிஸ்ல அதெல்லாம் போட மாட்டாங்கடி."

"அப்ப இன்னா பெரிய புக்கு அது" என்று போனை வைத்துவிட்டாள். ஆனால் கோபமாக வைக்கவில்லை.

அக்கா, இப்போது நான் சத்தியம் பண்ணுகிறேன். எத்தனை வருடம் ஆனாலும் அதே வார்டில், அதே மதிய டியூட்டியில் போய் நிற்பேன். பசித்தவள் உட்கார்ந்து சாப்பிடுகிற நாளில், கட்டில் நிரம்பி வழிகிற நாளில், ஒருத்தி காய்ச்சலோடு டியூட்டிக்கு வந்த நாளில் நிற்பேன். மூன்றாவது ஆளுக்கு அங்கே வேலை இருக்கிறது என்று எழுதிக் காட்டுவேன்.

தீசிஸில் நமக்கு முன்னால் ஆராய்ச்சி பண்ணினவர்களைப் பற்றி ஓர் அத்தியாயம் எழுத வேண்டும் என்று நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். அதில் உங்களை எழுதுவேன். உங்களுக்குப் பட்டம் கொடுப்பார்களா மாட்டார்களா என்று மாமாவுக்கே இன்னும் தெரியவில்லை. யார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் 'முனைவர் கலைவாணி' என்றுதான் எழுதுவேன். அடுத்த வரியில், அவர் எழுதியது தவறு என்று எழுதுவேன். அதற்கும் அடுத்த வரியில், அது அவருக்குத் தெரியும் என்று எழுதுவேன்.

கோபத்தையும் விடாமல், உங்களையும் விடாமல்,
உங்கள் வார்டுத் தங்கச்சி
ஜான்சி
விழுப்புரம்